ஒயிட் ரிம் சாலையில் பைக்கும் கூடாரமும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகரை ஒட்டிய கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஒயிட் ரிம் சாலையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. ‘ஐலண்ட் இன் த ஸ்கை’ எனப்படும் மேசைமலையைச் சுற்றி, அதன் உச்சியிலிருந்து சுமார் 1,200 அடி கீழே, வெளுத்த மணற்பாறை விளிம்பின் மேல் 100 மைல் (160 கி.மீ.) ஓடும் மண்சாலை அது. 1950-களில் யுரேனியம் தேடியவர்களுக்காகப் போடப்பட்டது. யுரேனியம் இங்கே பெரிதாக அகப்படவில்லை, சாலை மட்டும் மிஞ்சியது. 1964-ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. குறிப்பைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: எங்களில் மூவருக்கு பைக், ஒருவருக்கு ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கரத் திறந்த வண்டி) இருக்கிறது. வளர்ப்பு நாயும் கூட வரும். அனுமதி எப்படி வாங்குவது?

ஏ.டி.வி.யையும் நாயையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஏ.டி.வி., பக்கத்துப் பக்கத்தில் இருக்கை வைத்த அதன் பெரிய வடிவமான யு.டி.வி. வகை வண்டிகளுக்கு கேன்யன்லேண்ட்ஸில் இடமில்லை. யூட்டாவின் பொதுச்சாலைகளில் ஓட்டத் தகுதி பெற்று நம்பர் பிளேட் மாட்டியிருந்தாலும் பூங்காவுக்குள் செல்லாது. நாய், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் இந்தச் சாலையில் கூடாது. பைக் என்றால் பதிவெண், காப்பீடு, விளக்கு, கண்ணாடி என்று சாலைக்குரிய எல்லாம் இருக்க வேண்டும். பந்தய மைதானத்துக்கு மட்டும் செய்த பைக் ஆகாது. யூட்டாவில் 21 வயதுக்குக் குறைந்தவர் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த வயதைத் தாண்டியவருக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பாறைக்கு வயது தெரியாது.

பகலில் போய்த் திரும்புவதற்கும் அனுமதிச் சீட்டு உண்டு, இரவு தங்குவதற்குத் தனிச் சீட்டு. இரண்டையும் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) இணையதளத்தில் எடுக்கலாம். இரவுச் சீட்டில் எந்த முகாமிடம், எந்தத் தேதி என்று குறிக்கப்பட்டிருக்கும். களைத்துவிட்டது என்று வழியில் வேறோரிடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வசந்தகால, இலையுதிர்கால வார இறுதிகள் முன்பதிவு திறந்ததுமே போய்விடும். வார நாட்களில் பாருங்கள்.

கேள்வி: ஜூலையில்தான் விடுமுறை கிடைக்கும். போகலாமா?

வேண்டாம். கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாலை நெடுக நிழல் இல்லை, பாறை வெந்து அனலைத் திருப்பி அடிக்கும். போதாததற்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய, இந்த இரண்டு சாளரங்கள்தான் நல்லவை. அப்போது பகல் 15 முதல் 27 டிகிரி, இரவு பத்திலிருந்து உறைநிலை வரை இறங்கும். ஒரே நாளில் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும் ஊர் என்பதால், மெல்லிய காற்றோட்டச் சட்டையும் கதகதப்பான உறக்கப்பையும் ஒரே பையில் வர வேண்டும்.

மே, ஜூனில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பனி உருகி கிரீன் ஆறு பெருகினால், சாலையின் மேற்குப் பக்கத்தில் ஆற்றோரத் தாழ்வான பகுதிகள் முழுகிவிடும். சுற்று அங்கே அறுந்துபோகும், வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்கான பெட்ரோல் இருக்கிறதா என்பதை, புறப்படுமுன் பூங்கா அலுவலரிடம் சாலை நிலவரம் கேட்கும்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கூட ஜீப் இல்லாமல், பைக்கிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இரண்டு இரவு தங்கிப் போக நினைக்கிறோம். தண்ணீர், பெட்ரோல் எவ்வளவு வேண்டும்?

இந்தப் பயணத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. மணலில் விழுவது, சக்கர ரிம் நெளிவது, கிளட்ச் சூடாவது, சாயங்காலம் கை நடுங்குவது என்று பின்னால் வரும் தொல்லைகளில் பாதி, கிளம்பும்போது ஏற்றிய எடையில் தொடங்குகிறது. ஏற்றாமலும் முடியாது, ஏனென்றால் அந்த நூறு மைலில் குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர் என்பது பூங்கா சொல்லும் குறைந்தபட்சம். பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு நின்றபடியே ஓட்டுகிறவருக்கு அது போதாது. சமையலையும் சேர்த்து 5 லிட்டர் வையுங்கள், வெயில் ஏறினால் 6. இரண்டு இரவு, மூன்று பகல் என்றால் ஆளுக்கு 15 லிட்டர். தண்ணீர் மட்டுமே 15 கிலோ.

அடுத்து பெட்ரோல். மோவாபில் நிரப்பி, கிழக்குப் பக்கத்துப் பொட்டாஷ் சாலை வழியாக ஏறி, சுற்று முடித்து, மேற்குக் கோடியிலுள்ள மினரல் பாட்டம் வழியாக மேலேறி மோவாப் திரும்ப 140 முதல் 150 மைல், அதாவது 240 கி.மீ. வரை வரும். நடுவில் பங்க் கிடையாது. தார்ச்சாலையில் லிட்டருக்கு 22 கி.மீ. கொடுக்கும் வண்டி, சுமையோடு மணலில் முதல், இரண்டாம் கியரில் உறுமும்போது 15-க்கு இறங்கும். 15 என்று வைத்தால் 16 லிட்டர் வேண்டும். டேங்க் 12 லிட்டர் என்றால் கையில் 5 லிட்டராவது தனியாக வர வேண்டும். அது இன்னொரு 4 கிலோ. கூடாரம், உறக்கப்பை, பாய், உடுப்பு எல்லாம் சேர்ந்து 10 கிலோ, கருவிகளும் ட்யூப்புகளும் 5, உணவும் அடுப்பும் 4. கூட்டினால் 38 கிலோ. வண்டியின் கையேட்டில் ‘அதிகபட்சச் சுமை’ என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து உங்கள் எடையை, பூட்ஸ், ஹெல்மெட் உட்பட, கழித்துப் பாருங்கள். சிறிய வண்டிகள் இந்தக் கணக்கிலேயே தோற்றுவிடலாம்.

அதனால் எங்கள் பரிந்துரை: துணை வண்டி இல்லையென்றால் ஓர் இரவு, இரண்டு பகல் போதும். தண்ணீர் ஆளுக்கு 10 லிட்டரோடு நிற்கும். இரண்டு இரவுதான் வேண்டும் என்றால், தாழ் கியர் வசதியுள்ள நாலு சக்கர உந்து ஜீப் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு தண்ணீரை அதில் ஏற்றுங்கள். அப்போதும் ஒவ்வொரு பைக்கிலும் ஒரு நாளைக்கான தண்ணீர் தனியாக இருக்கட்டும். ஜீப்புக்கும் டயர் கிழியும்.

ஏற்றும் விதம்: முதுகுப்பையில் குழாய் வைத்த பை 3 லிட்டர். மீதியை 2 லிட்டர் மடக்குப் பைகளாகப் பிரித்து, பக்கவாட்டுப் பைகளில் ஃபுட்ரெஸ்டுக்கு எவ்வளவு அருகே வைக்க முடியுமோ அவ்வளவு முன்னும் கீழுமாக வையுங்கள். ஒரே பத்து லிட்டர் கேன் கூடாது. அது ஒழுகினால் எல்லாம் போயிற்று, பாதி காலியானால் உள்ளே அலம்பி வண்டியை ஆட்டும். பின் அச்சுக்குப் பின்னால், வால் பக்கம் கட்டுகிற ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். முன்சக்கரம் இலேசானால் மணலில் திசை பிடிக்காது. சுமை ஏற்றி, நீங்களும் உட்கார்ந்த நிலையில் பின் சஸ்பென்ஷன் தன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமிழக்கூடாது. அமிழ்ந்தால் ஸ்பிரிங் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்றுங்கள்.

இரவில் உறைந்தால் முதலில் அடைபடுவது முதுகுப்பையின் குழாய்தான். படுக்குமுன் குழாயில் வாய் வைத்து ஊதி, தண்ணீரைப் பைக்குள்ளேயே தள்ளிவிட்டால் காலையில் தொல்லை இல்லை.

கேள்வி: ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமே? எதற்குச் சுமக்க வேண்டும்?

ஆபத்துக்கு உதவும், திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாலையின் பெரும்பகுதி ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் செங்குத்துப் பாறைக்கு மேல் போகிறது. இறங்க முடிகிற லேத்ராப் பள்ளத்தாக்கு, பொட்டேட்டோ பாட்டம் போன்ற இடங்களிலும் கரை சேறு, அதற்கு மேல் புதர். தண்ணீர் காபி நிறத்தில் வண்டலாக இருக்கும். நேரே ஃபில்டரில் விட்டால் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும்.

வேறு வழியில்லை என்றால்: மடக்கு வாளியில் பிடித்து, 4 லிட்டருக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகப் படிகாரத் தூள் கலக்கி, அசையாமல் வையுங்கள். வண்டல் திரண்டு அடியில் தங்கும். படிகாரம் இல்லையென்றால் இரவு முழுக்கத் தெளிய விட வேண்டும். மேல்நீரை மட்டும் இறுத்து, பிறகு ஃபில்டர் செய்யுங்கள் அல்லது கொதிக்க வையுங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரைத் தொட வேண்டாம். அதற்குள் குட்டி இறால் வகை உயிர்கள் வாழ்கின்றன, சன்ஸ்கிரீன் பூசிய கை பட்டாலே அந்தத் தண்ணீர் அவற்றுக்குக் கெட்டுவிடும்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு வைப்பது? மணலுக்குக் குறைக்க வேண்டும் என்கிறார்கள், பாறைக்குக் குறைக்கக் கூடாது என்கிறார்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். ஒயிட் ரிம் சாலையில் இரண்டும் மாறி மாறி வருவதுதான் சிக்கல். காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மணலில் மிதக்கும். அதே டயர் அடுத்த வளைவில் பாறைப் படியில் மோதும்போது ரிம் வரை நசுங்கும். உள்ளிருக்கும் ட்யூப் ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும்.

ட்யூப் உள்ள, 450 சிசி வரையிலான இலேசான வண்டிக்கு, சுமையோடு 18 முதல் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வையுங்கள். ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) போட்டிருந்தால் நீண்ட மணல் பகுதிக்கு மட்டும் 15 வரை இறக்கலாம். ரிம் லாக் இல்லாமல் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மில் நழுவிச் சுற்றி, ட்யூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். இரட்டை சிலிண்டர் பெரிய வண்டிகள் 24-க்குக் கீழே வராமல் இருப்பது நல்லது. அவற்றுக்கு ரிம் நெளிந்தால் ட்யூப்லெஸ் டயர் காற்றே பிடிக்காது. அளவைக் காலையில், ஓட்டத் தொடங்குமுன் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 18 வைத்தது மதியம் சூட்டில் 20 காட்டுகிறதே என்று மறுபடி 18-க்கு இறக்கினால் மறுநாள் விடியலில் 16-ல் நிற்பீர்கள்.

பஞ்சர் சாமான்: 21 அங்குல முன் ட்யூப் ஒன்று கட்டாயம். அவசரத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம். பின் ட்யூப்பை முன்னால் போட முடியாது. ஒன்றுதான் எடுக்க இடம் என்றால் எதை எடுப்பது என்பது இதில் தெரிந்துவிடும். டயர் லீவர் மூன்று, ஒட்டுத் துண்டுகள், புதிதாக வாங்கிய பிசின், அச்சு நட்டுக்கான ஸ்பேனர், கை பம்ப். பிசின் ட்யூப் ஒருமுறை திறந்திருந்தால் உள்ளே காய்ந்திருக்கும். சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் ஒரு பின் டயருக்கே மூன்று நான்கு தேவைப்படும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கை பம்ப் தீராது.

புது ட்யூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தை விரலால் முழுச்சுற்று தடவுங்கள். முள்ளை எடுக்காமல் மாட்டி, பத்து நிமிடத்தில் மறுபடி கழற்றுவதுதான் வழியில் அதிகம் காணும் காட்சி. லீவரால் மாட்டும்போது ட்யூப்பில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், அப்போது லீவர் நுனியில் சிக்காது. கடைசிப் பாதி இறுக்கமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்க டயர் விளிம்பை முழங்காலால் மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் தானே தளரும்.

கேள்வி: ஆழமான மணலில் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு விழுந்துவிடுகிறேன். என்ன தவறு செய்கிறேன்?

நீங்கள் செய்யும் தவறு அநேகமாக பயத்தில் முறுக்கை (ஆக்சிலரேட்டரை) விடுவது. முறுக்கை விட்டவுடன் எடை முன்னால் பாய்ந்து முன்சக்கரம் மணலில் புதையும், புதைந்த சக்கரம் திரும்பும், விழுவீர்கள். மணல் வருமுன்பே இரண்டாம் அல்லது மூன்றாம் கியருக்கு வந்து, எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, சீரான முறுக்கில் உள்ளே போங்கள். ஹேண்டில்பாரை இலேசாகப் பிடியுங்கள். அது கொஞ்சம் அங்கும் இங்கும் ஆடத்தான் செய்யும், ஆட விடுங்கள். திருப்புவது முழங்காலாலும் ஃபுட்ரெஸ்டை அழுத்துவதாலும். பார்வை இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் பார்த்தால் சக்கரம் அங்கேயே போய்ப் புதையும்.

நின்றுவிட்டால் முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பின்சக்கரம் குழி தோண்டி, செயின் வரை இறங்கிவிடும். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப் போட்டு, குழியை மணலால் மூடி, நிமிர்த்தி, வண்டியின் பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் மெல்ல வெளியேற்றுங்கள். கிளட்ச் லீவர் வழக்கத்தைவிடத் தளர்வாகவோ வேறு இடத்தில் பிடிப்பதாகவோ தோன்றினால் அது வெந்துகொண்டிருக்கிறது. எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் ஆற விடுங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறையும் முதுகைக் காப்பாற்றும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லையேல் தூக்கிய வேகத்தில் எதிர்ப்பக்கம் கவிழும். கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கால்களால் உந்திப் பின்னோக்கி நடங்கள்.

கேள்வி: மேசைமலையிலிருந்து ஒயிட் ரிம்முக்கு இறங்கும் ஷேஃபர் இறக்கத்தின் படத்தைப் பார்த்தே தலை சுற்றுகிறது. தவிர்க்க முடியுமா?

முடியும். மோவாபிலிருந்து கொலராடோ ஆற்றை ஒட்டிப் போகும் பொட்டாஷ் சாலையால் கீழிருந்தே ஒயிட் ரிம் தொடக்கத்துக்கு வந்துவிடலாம். ஷேஃபர் கொண்டை ஊசி வளைவுகள் ஆயிரம் அடிக்கு மேல் இறங்குபவை. மணலைவிடக் கடினம் என்று சொல்ல மாட்டோம். அகலம் இருக்கிறது, தரை கெட்டி, பள்ளம்தான் பயமுறுத்துகிறது. முதல் கியரில், கிளட்சை விட்டு எஞ்சின் தடுப்பிலேயே இறங்குங்கள். பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்க வசதி இருந்தால் அணையுங்கள். தளர்ந்த கல்லில் அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒதுங்கும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்.

மறுகோடியில் மினரல் பாட்டம் வளைவுகளும், நடுவில் மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஏற்றங்களும் இருக்கின்றன. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் அவற்றையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

கேள்வி: தூசியால் எஞ்சின் கெடாமல் இருக்க தினமும் என்ன செய்ய வேண்டும்?

முன்னால் போகும் வண்டியின் தூசிக்குள் ஓட்டாதீர்கள். தூசி படியும்வரை இடைவெளி விடுங்கள், அரை கிலோமீட்டர் ஆனாலும் சரி. பாதை பிரியும் இடத்தில் மட்டும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நில்லுங்கள். ஏர் ஃபில்டர் மேல் எண்ணெய் தோய்த்த மெல்லிய உறை ஒன்றை மாட்டிக்கொண்டு போய், சாயங்காலம் அதை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். ஃபில்டரைச் சுற்றி ஓரம் சரியாக உட்காராவிட்டால், எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண். ஓரத்தில் கிரீஸ் தடவுங்கள்.

செயினுக்குக் கெட்டியான எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி அரம்போல் தேய்க்கும். தூரிகையால் துடைத்து, உலர் வகை மசகு இலேசாக. சாலை துவைகல் போல வரிவரியாக அதிரும் இடங்கள் நிறைய, நட்டு போல்ட்டு கழன்று விழுவது அங்கேதான். புறப்படுமுன்பே பெட்டி மாட்டும் சட்டம், எக்ஸாஸ்ட், கியர் லீவர் போல்ட்டுகளுக்கு நீல நிற லாக்கிங் திரவம் போட்டு முறுக்குங்கள். ஒவ்வொரு முகாமிலும் ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது.

கூடுதலாக: கிளட்ச், பிரேக், கியர் லீவர் ஒவ்வொன்று, செயின் இணைப்புக் கண்ணி இரண்டு, கம்பி, இரட்டைக் கலவை எபாக்சி. எஞ்சின் அடிப்பக்கம் பாறையில் பட்டு ஓட்டை விழுந்தால், எண்ணெயை நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் சுரண்டி, பெட்ரோலால் கழுவி உலரவிட்டு எபாக்சியை அப்புங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. இரவு முழுக்க இறுக விட வேண்டும், ஆகவே ஒரு லிட்டர் எஞ்சின் ஆயிலும் குழுவில் யாரிடமாவது இருக்கட்டும்.

கேள்வி: மழை வந்தால்?

முதலில், மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. முப்பது கி.மீ. தள்ளி ஏதோ பீடபூமியில் கொட்டினால், பாறை குடிக்காது, அவ்வளவும் வறண்ட ஓடைகளில் திரண்டு வரும். இங்கே வெயிலடிக்கும்போதே ஓடை பெருகலாம். ஓடைப் படுகையில் நிற்பது, சாப்பிட உட்காருவது, நிழலுக்கு ஒதுங்குவது எதுவும் வேண்டாம். நீர் வந்துவிட்டால் மேட்டில் ஏறிக் காத்திருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். அடி தெரியாத, ஓடுகிற நீரில் பைக்கை இறக்காதீர்கள். நேற்றுத் தரை இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். இந்த வெள்ளத்தின் பலம் என்னவென்றால், 2010 ஆகஸ்டில் மினரல் பாட்டம் வளைவுகளையே அரித்துக்கொண்டு போனது. 2011-ல்தான் சாலை மீண்டும் திறந்தது.

இரண்டாவது களிமண். சில பகுதிகளில் சாம்பல், ஊதா, பச்சை கலந்த நிறத்தில் மண் தெரியும். நனைந்தால் ஊறி உப்பும் வகை. டயர் இடுக்குகளை அடைத்து, மட்கார்டுக்குள் உருண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். தள்ளக்கூட முடியாது. வெயில் வந்தால் அரை நாளில் காய்ந்துவிடும் என்பதால், ஒரு நாளைக்கான உபரி உணவும் தண்ணீரும் கையிலிருந்தால் இது வெறும் ஓய்வுநாள். இழுவை வண்டியை வரவழைத்தால் பில் வழக்கமாக 1,000 டாலரைத் தாண்டும் என்று பூங்காவே எச்சரிக்கிறது.

கேள்வி: முகாமில் கழிப்பறை, விறகு, பூச்சி பொட்டு நிலவரம் என்ன?

ஒயிட் ரிம் முகாமிடங்களில் குழிக் கழிப்பறை உண்டு. காகிதம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வழியில் அவசரம் என்றால் மலத்தை மூடும் பை எடுத்துப் போய், திரும்பக் கொண்டு வாருங்கள். பூங்காவுக்கு வெளியே மோவாபைச் சுற்றியுள்ள அரசு நிலங்களில் பல இடங்களில் அது கட்டாயமே. மண்ணில் புதைத்தால் மக்குவதற்கு ஈரம் வேண்டும், இங்கே அது கிடையாது. விறகு மூட்டத் தடை, கேஸ் அடுப்புதான்.

கூடார முளை மணலில் நிற்காது, பாறையில் இறங்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டிப் புதையுங்கள், அல்லது பெரிய கல்லில் கட்டுங்கள். வசந்தகாலக் காற்று பலமாக இருக்கும், ஆளில்லாக் கூடாரத்தை வெறுமையாக விட்டுப் போகாதீர்கள். பூட்ஸைக் காலையில் உதறிவிட்டு மாட்டுங்கள், தேள் இருக்கலாம். உண்மையான திருடன் அண்டங்காக்கை. பையின் ஜிப்பையே அலகால் இழுத்துத் திறந்து உணவைக் கொண்டுபோகும். மூடி பூட்டும் பெட்டியில் வையுங்கள். பழைய யுரேனியச் சுரங்க வாய்களைக் கண்டால் உள்ளே நுழையாதீர்கள், ரேடான் வாயு தேங்கியிருக்கும்.

கேள்வி: சாலையை விட்டு ஓரடி இறங்கினாலும் திட்டுகிறார்களாமே, வெறும் மண்தானே?

கறுப்பாக, பொருக்குத் தட்டியதுபோல் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதே, அது உயிருள்ளது. நீலப்பச்சை நுண்ணுயிர்கள் இழை விட்டு மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. பாசியும் லைக்கனும் அதன் மேல் குடியிருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் காப்பதும், மழை நீரை உறிஞ்சுவதும் அதுதான். ஒரு டயர் தடம் அதை நொறுக்கினால் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். எனவே திரும்புவது, நிறுத்துவது, ஒதுங்குவது எல்லாம் சாலைப் பரப்புக்குள், அல்லது வெறும் பாறையில். எதிரே ஜீப் வந்தால் அகலமான இடம் வரை நீங்கள் பின்வாங்குங்கள், அது உங்களுக்குச் சுலபம். எதிரில் வருபவருக்கு, உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பைக் வருகிறது என்று விரலால் காட்டுவது அங்குள்ள வழக்கம். கடைசி ஆள் முஷ்டியை மூடிக் காட்டுவார்.

கேள்வி: செல்போன் சிக்னல் கிடைக்குமா? விபத்து நடந்தால்?

கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி குழுவுக்கு ஒன்று வேண்டும். அதை முதல் ஆளின் வண்டியில் கட்டாமல், கடைசியில் வருபவர் உடலோடு வைத்திருக்கட்டும். முன்னால் விழுபவரைப் பின்னால் வருபவர் கண்டுபிடிப்பார், பின்னால் விழுந்தவரை முன்னால் போனவர் கண்டுபிடிக்க மாட்டார். கருவியைத் தன் வண்டிப் பையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தவர் அதை எட்ட முடியாது என்பதையும் நினையுங்கள்.

உதவி கேட்ட பிறகும் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். கட்டுத்துணி, விரிந்து மடங்கும் எலும்பு முறிவுக் கட்டுப்பட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வெப்பத் தகட்டுப் போர்வை, நிழலுக்கு ஒரு தார்ப்பாய். தார்ப்பாயை இரண்டு பைக்குகளுக்கு நடுவே கட்டுங்கள். அதன் ஒரு விளிம்பு தரையிலிருந்து அரை அடி தூக்கியே இருக்கட்டும், காற்று போய்வர வேண்டும்.